நீங்கள் கை வைச்சாப்பிறகுதான்

கராஜ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் வெறுக்கிற ஒரு வசனம் உண்டு. "அண்ணை, நீங்கள் கை வைச்சாப்பிறகுதான் இந்தப் பிழை." தொழிலுக்கு வந்த முதல் மாதத்திலேயே உங்களுக்கும் யாராவது இதைச் சொல்வார்கள். நீங்கள் ஹோர்னைத் திருத்திக் கொடுத்திருப்பீர்கள். ரேடியேற்றர் ஒழுகுகிறது என்று திரும்பி வந்து நிற்பார்கள். அநேகமாக இரண்டுக்கும் சம்பந்தம் இருக்காது. அந்த 'அநேகமாக' என்ற சொல்தான் என்னைக் கெடுத்தது.

நெல்லியடிக்குக் கிட்ட முப்பத்தெட்டு வருடம் கராஜ் வைத்திருந்தேன். முழங்கால் இரண்டும் வாகனத்துக்கு அடியில் போகமாட்டோம் என்று மறுத்த பிறகு மூடினேன். தொழிற்பயிற்சி நிலையத்தார், தொழில் பழக வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். முதலில் நான் திருத்திய பெரிய பெரிய வேலைகளை எழுதினேன். வாசித்துப் பார்த்தபோது கலியாணப் புறோக்கர் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது. கிழித்துப் போட்டேன். ஆகவே, ஒரு பிக்கப்பை நான் பழுதாக்கிய கதையை எழுதுகிறேன். ஸ்பனரை எந்தப் பக்கம் திருப்புவது என்பதை உங்களுக்கு வேறு ஆட்கள் சொல்லித் தருவார்கள்.

அது ஜப்பானில் செய்த பழைய பிக்கப். வயது என் மூத்த மகளைவிட இரண்டுதான் குறைவு. வாகன இறக்குமதி நின்றிருந்த காலம் என்பதால் இப்படிப்பட்ட கிழடுகளையும் ஆட்கள் வீடு தேடிவந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். சொந்தக்காரர் சிறீதரன் கனடாவில் இருந்தார். ஓடியவர் சிறீதரனுடைய தங்கை புவனாவின் புருசன், தவராசா. கடற்கரைப் பக்கத்துக் குடும்பம். காலையில் வள்ளங்கள் கரைக்கு வந்ததும் மீன்பெட்டிகளை ஏற்றிச் சந்தைகளுக்குக் கொண்டுபோவது தவராசாவின் தொழில். முன்பு கடலுக்குப் போனவர்தான். முதுகில் சத்திரசிகிச்சை செய்தபிறகு வலை இழுக்க முடியாமல் போய்விட்டது. அந்தப் பிக்கப் இருந்தால் அவருக்குத் தொழில் இருந்தது. இல்லாவிட்டால் இல்லை.

சிறீதரன் அந்த வாகனத்தில் ஏறியது இரண்டே முறை. ஆனால் ஒரு ஆணி கழற்றுவதென்றாலும் அவருக்கு வீடியோவில் காட்ட வேண்டும். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நட்டுக் கழற்றும் வித்தையை என் கடைசி ஐந்து வருடங்களில்தான் பழகினேன். கனடாவிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எல்லா எண்ணெயும் ஒழுகலாகத்தான் தெரியும்.

கோயில் தேருக்கு முதல் நாள் தவராசா பிக்கப்போடு வந்தார். நின்ற வாகனத்தை எடுக்கும்போது அடியில் 'டக்' என்று ஒரு அடி கேட்கிறது என்றார். கியர்ப்பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீண்ட குழாய் இருக்கிறதே, நாங்கள் சாப்ட் என்போம், அதன் மூட்டு தேய்ந்திருந்தது. கராஜ் வாசலில் அன்று ஏழு வாகனம். எல்லோருக்கும் தேருக்கு முதல் வாகனம் வேண்டும். சாப்ட்டை இறக்கினேன், இரண்டாகப் பிரித்தேன், புது மூட்டைப் போட்டேன், கிறீஸ் பூசிப் பூட்டினேன். ஓடிப் பார்க்கச் சந்திவரை போனேன். வீதி முழுக்கத் தண்ணீர்ப்பந்தலும் சனமும். முப்பதுக்கு மேல் ஓட இடமில்லை. 'டக்' இல்லை. வண்டித் திறப்பைத் தவராசாவின் கையில் கொடுத்தேன்.

பத்து நாளில் தவராசா திரும்பி வந்தார்.

"அண்ணை, அம்பதைத் தாண்டினால் வாகனம் நடுங்குது. சீற்றுக்குக் கீழாலை வருது."

"ஸ்ரியறிங் நடுங்குதோ?"

"இல்லை, ஸ்ரியறிங் சுகமாய் நிக்குது. சீற்றும் நிலமும்தான்." கொஞ்சம் நிறுத்தி, "குறை நினைக்காதேங்கோ அண்ணை, நீங்கள் கை வைச்சாப்பிறகுதான்" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் உடனே, "சிலவேளை ரோட்டாயும் இருக்கும்" என்றார்.

இங்கே ஒரு விசயம் சொல்ல வேண்டும். நடுக்கம் என்பது இந்தத் தொழிலில் மிக மோசமான முறைப்பாடு. உடைந்தது கண்ணுக்குத் தெரியும், ஒழுகுவது நிலத்தில் தெரியும். நடுக்கம் ஓடும்போது மட்டும் வரும், நிறுத்தினால் போய்விடும். வருகிறவர்களும் ஆளுக்கொரு சொல் சொல்வார்கள். ஒருவருக்கு உதறல், ஒருவருக்குக் குலுக்கம். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தன் காருக்குக் குளிர்காய்ச்சல் என்றே சொன்னார். அவருக்கு நான் நான்கு சில்லையும் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பார்த்தால், பின்சீற்றுக்கு அடியில் ஜாக்கி கழன்று கிடந்தது. ஆனால் தவராசா சொன்னதில் குழப்பமே இல்லை. ஸ்ரியறிங் நடுங்கினால் முன்பக்கம், சீற்று நடுங்கினால் பின்பக்கம் அல்லது நடு. எங்கே, எந்த வேகத்தில், எப்போதிருந்து என்று மூன்றையும் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைப்பது அபூர்வம். நான் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டேன்.

பின்சில்லுகளைக் கழற்றினேன். ஒரு ரயரில் வீக்கம் இருந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று சந்தோசமாக மாற்றினேன். நடுக்கம் போகவில்லை. அடுத்த முறை எஞ்சினைத் தாங்கும் றப்பர் வெடித்திருந்ததைக் கண்டு மாற்றினேன். போகவில்லை. சில்லுகளை பலன்ஸ் பார்த்தோம். போகவில்லை. நான் கண்டுபிடித்த ஒவ்வொன்றும் உண்மையான பிழைதான். பழைய வாகனத்தில் தேடினால் பிழை கிடைக்காமல் போகாது. தேடிவந்த பிழை அதுதானா என்பதுதான் கேள்வி.

சாப்ட்டை மட்டும் நான் பார்க்கவில்லை. அது நான் செய்த வேலை.

மூன்றாம் முறை வாகனம் வந்தபோது சிறீதரன் வீடியோவில் இருந்தார். தவராசா பக்கத்தில் நின்றார். வாகனத்துக்கு அடியில் போனைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் காட்டினேன்.

"அண்ணை, உந்த ஸ்பிரிங் தகடு ஏன் நிமிர்ந்துபோய்க் கிடக்குது?"

"வயசு போட்டுது தம்பி."

"வயசோ, லோட்டோ? ஓவர் லோட் போட்டு ஓடினால் உப்பிடி நடுங்கும் எண்டு நான் பாத்தனான்."

எங்கே பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து கேட்பவர்கள் எல்லோரும் யூரியூப்பில்தான் பார்ப்பார்கள்.

"சொல்லுங்கோ அண்ணை. மூண்டு தரம் வேலை செய்தும் சரிவரேல்லை எண்டால் என்னவோ இருக்கத்தானே வேணும்? லோட்தானே?"

வெயில். முழங்கால் வலி. மூன்று முறை தோற்றுப்போன எரிச்சல். "மீனும் ஐஸும் ஏத்தினால் ஸ்பிரிங் சும்மாவோ இருக்கும்?" என்றேன்.

நான் லோட் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தவராசா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை அப்போது விளங்கவில்லை என்று எழுதலாம். விளங்கியது.

இனி நடந்தது எனக்குப் பிறகு தெரியவந்தது. அந்தக் கிழமை தவராசாவின் மாமனாருடைய திவசம். மாமியார் வீட்டில் சொந்தக்காரர் எல்லோரும் கூடிச் சாப்பாட்டுக்கு இருந்திருக்கிறார்கள். கனடாவும் போனில் இருந்திருக்கிறது, எல்லோருக்கும் கேட்கும்படி. பேச்சோடு பேச்சாக வாகனத்தைப் பற்றி யாரோ கேட்க, சிறீதரன், "மச்சான் லோட்டை ஏத்தி ஏத்தி வாகனத்தை முறிச்சுப்போட்டார். கராஜ்காரரே சொல்லிப்போட்டார். இனி அதை வித்துவிடுறதுதான்" என்றிருக்கிறார். தவராசா பாதி இலையில் எழும்பி, கையைக் கழுவி, திறப்பை மாமியாரின் மேசையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாராம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பிக்கப் திரும்பவும் என் வாசலுக்கு வந்தது. கொண்டுவந்தவர் கரவெட்டியில் வெங்காயம் செய்கிற ஒரு கமக்காரர். வாங்கப் போகிறேன், ஒருக்கால் பார்த்துச் சொல்லுங்கோ என்றார். தவராசா இப்போது எங்கே என்று கேட்டேன். ஐஸ் கடையில் கட்டி தூக்குகிறாராம், முதுகில் பெல்ற் கட்டிக்கொண்டு.

வாகனத்தை உயர்த்தினேன். கமக்காரர் சும்மா நிற்கிற ஆளில்லை. தானும் குனிந்து அடியில் பார்த்தார்.

"அண்ணை, உது ஏன் ரெண்டு தலைப்பும் ரெண்டு விதமாய்த் திரும்பி நிக்குது?"

"எது?"

"உந்தக் குழாய்தான். என்ரை ரக்ரரிலை மண் கொத்துற மெசினுக்குப் போற சாப்ட்டும் உப்பிடித்தான். ஆனால் அதிலை ரெண்டு கவரும் ஒரே நேராய் நிக்கும். பிழையாய்ப் பூட்டினால் மெசின் உதறும்."

நான் குனிந்தேன். அவர் சொன்னது சரி. சாப்ட்டின் இரண்டு முனையிலும் கவட்டுத்தடிபோல் பிளந்து நிற்கும் கவர் இரண்டும் ஒரே திசையில் நிற்க வேண்டும். நின்றது அப்படியில்லை. நான் இரண்டாகப் பிரித்துத் திரும்பச் செருகியபோது, செருகும் இடத்திலுள்ள பற்களில் சில தள்ளிச் செருகியிருக்கிறேன். முப்பதில் அது தெரியாது. ஐம்பதில் வாகனமே நடுங்கும்.

என்னைப் பழக்கியவர் வெற்றிலை போடுகிறவர். பெயின்ற் கிடைக்காத காலத்திலும் அவர் ஒரு சாப்ட்டைப் பிரிக்கும் முன் வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, இரண்டு பாகத்துக்கும் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். திரும்பப் பூட்டும்போது கோடும் கோடும் சந்திக்க வேண்டும். ஏன் என்று அவர் எனக்கு ஒருநாளும் விளக்கவில்லை. கோடு போடாமல் பிரித்தால் ஸ்பனரைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்வார். முப்பத்தெட்டு வருடம் நானும் கோடு போட்டேன். தேருக்கு முதல் நாள் போடவில்லை.

கமக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பதில் நாக்கு நுனியில் ஆயத்தமாக இருந்தது. வாகனத்துக்கு வாகனம் வித்தியாசம் தம்பி, ரக்ரர் வேறு, பிக்கப் வேறு. அவர் நம்பியிருப்பார். அவர் வெற்றிலை வாங்கப் போகும் நேரத்துக்குள் நான் கழற்றிச் சரியாகப் பூட்டியிருப்பேன். அவருக்கு நல்ல வாகனம். சிறீதரனுக்கு நல்ல விலை. எனக்கு நல்ல பெயர். எல்லோரும் சந்தோசமாக இருப்பார்கள், ஐஸ் கடையில் ஒரு ஆளைத் தவிர.

உண்மையைச் சொல்கிறேன், நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். நல்லவன்போல உடனே சொல்லிவிடவில்லை. நான் கையிலிருந்த கறுத்த எண்ணெயைச் சீலைத்துண்டில் துடைத்த அந்த நேரம் முழுக்க யோசித்தது, என் வயதில் ஒரு கராஜ்காரனுக்குப் பெயர் போனால் திரும்ப வருமா என்பதை மட்டும்தான்.

"நான்தான் பிழையாய்ப் பூட்டினனான்" என்றேன்.

"நீங்களோ?"

"ஓம்."

கழற்றினேன். நேராக்கிப் பூட்டினேன். இருபது நிமிட வேலை. கமக்காரரைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு நேர் வீதிக்குப் போனேன். ஐம்பது, அறுபது, எழுபது. சீற்று அசையவில்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"அப்ப நான் இண்டைக்கே எடுக்கிறன் அண்ணை."

"இல்லைத் தம்பி. இது விக்கிறதுக்கில்லை."

"ஆர் சொன்னது?"

"இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை. பின்னேரம் சொல்லுவினம்."

அவர் என்னைப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. எல்லாம் நியாயமான பேச்சு.

பின்னேரம், கனடாவில் விடிந்ததும், சிறீதரனுக்கு வீடியோவில் போன் எடுத்தேன். கோப்பியோடு வந்தார். வாகனம் போட்டுதோ அண்ணை என்றார். போகவில்லை, பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்றேன். என்ன பிழை என்றார். சொன்னேன். கோப்பியை வைத்துவிட்டார்.

"அப்ப ஏன் லோட் எண்டு சொன்னீங்கள்?"

"நீர் துளைச்சுத் துளைச்சுக் கேட்டீர். எனக்கு விடை தெரியேல்லை. தெரியேல்லை எண்டு சொல்ல வெக்கமாய் இருந்தது."

அவர் திரையை விட்டு விலகினார். போனில் அவருடைய வீட்டுச் சுவர்மணிக்கூடு மட்டும் தெரிந்தது.

"நான் அண்டைக்குச் சாப்பாட்டிலை வைச்சு மச்சானைப் பேசிப்போட்டன் அண்ணை. அப்பான்ரை திவசத்திலை. இனி என்னெண்டு நான் அவருக்கு எடுக்கிறது?"

"நம்பரை அமத்தித்தான்."

பிள்ளைகளே, இதை மட்டும் ஞாபகம் வைத்திருங்கள். எங்கள் ஊரில் வாகனம் ஒருவரிடம், திறப்பு ஒருவரிடம், பணம் வேறொரு நாட்டில். நடுவில் எல்லோரும் நம்புவது கராஜ்காரனின் வாயை. 'தெரியேல்லை' என்று நான் அன்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் வெட்கம். சொல்லாததால் இன்னொரு மனிதன் ஒரு மாதம் ஐஸ்கட்டி தூக்கினான்.

விற்பதில்லை என்று சிறீதரன் சொன்னதும், அன்றே பிக்கப்பைத் தவராசா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். முற்றத்தில் கதிரையில் நிமிர்ந்தபடி இருந்தார். சாய முடியவில்லைப் போலும். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும், "இப்ப நடுங்கேல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை."

"நல்லது."

அவ்வளவுதான். நான் பேச்சு வாங்க ஆயத்தமாகப் போயிருந்தேன். பேச்சு வாங்கியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

பேசியது புவனா. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் கீழே இறங்கி வந்தார்.

"இவரைப் பற்றி அம்மா வீட்டிலை எல்லாருக்கும் முன்னாலை சொன்னது. நீங்கள் இஞ்சை வந்து எங்களுக்குச் சொல்லி என்ன? எங்களுக்குத் தெரியும்தானே இவர் லோட் ஏத்தாதவர் எண்டு. அங்கை போய்ச் சொல்லுங்கோ."

"எல்லாரையும் எங்கை பிள்ளை நான் தேடுறது?"

"அம்மாவுக்குச் சொன்னால் காணும். அவ எல்லாருக்கும் சொல்லுவா."

அடுத்த நாள் காலை மாமியார் வீட்டுக்குப் போனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். விறாந்தையில் கதிரை தந்தார். சாப்ட், கவர், கோடு என்று நான் ஒரு மணித்தியாலம் விளக்கக்கூடியதை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார்.

"அப்ப நீர் ஒரு கோடு கீற மறந்ததுக்கோ என்ரை மருமேன் இலையிலை இருந்து எழும்பிப் போனவர்?"

"ஓம் அக்கா."

அவர் எனக்கு முன்னாலேயே போனை எடுத்து மகளுக்கு அடித்து, மத்தியானம் மருமகனைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வரும்படி சொன்னார். மருமகனுக்குப் பாரைமீன் விருப்பம் என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு வாங்க அனுப்பினார். எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரைத் தேத்தண்ணி தராமல் அனுப்புவது லேசில் நடக்கிற காரியமில்லை. நான் எழும்பி, போட்டு வாறன் என்றேன். ஓம் என்றார்.

பிக்கப் தவராசாவிடமே நின்றது. சிறீதரன் அதைத் தங்கையின் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எஞ்சின் எண்ணெய் மாற்றும் தவணை வந்தபோது நான் தவராசாவை எதிர்பார்த்தேன். வரவில்லை. அடுத்த தவணைக்கும் வரவில்லை. என் கராஜைத் தாண்டி இரண்டு கட்டை தூரத்தில் இன்னொரு கராஜ் இருக்கிறது. வண்டி அங்கே நின்றதை என் கண்ணாலேயே கண்டேன்.

காலையில் மீன் ஏற்றிக்கொண்டு என் வாசலால்தான் போவார். ஒவ்வொரு நாளும் ஹோர்ன் அடித்து, கையைத் தூக்கிக் காட்டுவார். நானும் காட்டுவேன். வேகம் குறையாது. அது ஒரு நடுக்கமும் இல்லாமல் போவதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகவும் இருக்கும், வெட்கமாகவும் இருக்கும்.

ஒரு நாள் பெற்றோல் செற்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கேட்டுவிட்டேன்.

"தம்பி, என்னிலை இன்னும் கோவமோ?"

"சீச்சீ. என்ன கோவம் அண்ணை? நீங்கள் வீடு தேடி வந்து சொன்னனீங்கள். ஆர் அப்பிடிச் செய்வினம்?"

"அப்ப ஏன் வாறேல்லை?"

அவர் டாங்கி மூடியை இறுக்கினார். ஏறி இருந்து கதவைச் சாத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"அந்தக் கராஜ்காரனிட்டை ஒரு பிழை எண்டு போனால், முதல் தான் செய்ததைக் கழட்டிப் பாக்கிறான் அண்ணை. அதுதான்."

நான் தலையாட்டினேன். கராஜை மூடியபிறகு என்னுடைய காரையும் அங்கேதான் விடுகிறேன்.